கப்பல் ஏறி வந்த வீடு!

மனிதர்கள் கப்பல் ஏறுவார்கள். மூட்டை முடிச்சுகள் கப்பல் ஏறும். ஆடு, மாடு, குதிரைகூட கப்பல் ஏறும். ஒரு வீடு கப்பல் ஏறுமா?

ஏறியது!

இங்கிலாந்து நாட்டில் ஒரு கிராமத்தில் இருந்த வீடு, கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டது. 10 ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஆஸ்திரேலியாவில் போய் இறங்கியது. அங்கே மறுபடியும் கல் கல்லாக அடுக்கி, பழைய வீட்டைப் போலவே கட்டி முடித்தார்கள்.

1934-ம் ஆண்டு முதல் அந்த வீடு மெல்போர்ன் நகரத்தில் ஒரு பூங்காவில் நிற்கிறது. நாள்தோறும் மக்கள் வந்து பார்க்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு போனார்களே, அது என்ன அரண்மனையா? இல்லை. ஒரு பண்ணை ஆளின் வீடு. உள்ளே விரல் விட்டு எண்ணக்கூடிய சில அறைகள்தான்.

உலகத்தைக் கப்பலில் சுற்றி வந்த கேப்டன் குக்கின் பெயரால் புகழ் பெற்ற வீடு அது. ஆனால், அதில் ஒரு வேடிக்கை. கேப்டன் குக் அந்த வீட்டில் வளர்ந்தவர் அல்ல!

அப்படியானால் அது யார் வீடு?

பூங்காவின் நடுவே

மெல்போர்ன் பெரிய நகரம். வானத்தை முட்டும் கட்டிடங்கள் உண்டு. டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தடிக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைச் சோலை இருக்கிறது. அதன் பெயர் பிட்ஸ்ராய் பூங்கா. பரப்பு சுமார் 64 ஏக்கர்.

ஓங்கி வளர்ந்த மரங்கள் இருபுறமும் நிற்க, நடுவே நிழல் விழும் பாதை போகிறது. அந்தப் பாதையில் நடந்தால், மரங்களுக்கு இடையே திடீரென்று ஒரு பழைய வீடு தெரியும். ஓட்டுக் கூரை. கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர். சுவரின் மேல் ஐவி என்னும் பச்சைக்கொடி படர்ந்து இருக்கும்.

வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம். பூச்செடிகள் உண்டு. காய்கறிகளும் மருந்துச் செடிகளும் உண்டு. அக்காலத்து இங்கிலாந்துக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் தோட்டம் போடுவார்கள். தோட்டத்தில் கேப்டன் குக்கின் வெண்கலச் சிலையும் நிற்கிறது.

வாசலுக்குப் போனதும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிலைக்கு மேலே உள்ள கல்லில் இரண்டு ஆங்கில எழுத்துகள் செதுக்கப்பட்டு இருக்கின்றன. ஒன்று "ஜே". மற்றொன்று "ஜி". கூடவே 1755 என்ற ஆண்டு.

ஜே என்றால் ஜேம்ஸ். ஜி என்றால் கிரேஸ். ஜேம்ஸ் என்றதும் கேப்டன் குக் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஜேம்ஸ் அவருடைய தந்தை. கிரேஸ் அவருடைய தாய். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர்!

மகனுக்கு 26 வயது நடக்கும்போது பெற்றோர் கட்டிய வீடு இது என்கிறார்கள். அந்த 1755-ம் ஆண்டில்தான் மகன் இங்கிலாந்துக் கடற்படையில் சேர்ந்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஊரை விட்டுப் போய்விட்டார்.

முன்பெல்லாம் இதைக் "கேப்டன் குக்கின் வீடு" என்றே சொல்லி வந்தார்கள். பிறகு உண்மையை உணர்ந்து, "குக் குடும்பத்தார் வீடு" என்று பொருள்படும்படி பெயரைத் திருத்தி எழுதினார்கள்.

குனிந்துதான் நுழைய வேண்டும்

வாசல் உயரம் குறைவு. நெட்டையான ஆள் தலையைக் குனியாமல் உள்ளே போனால் நெற்றி புடைத்துவிடும்! நம் நாட்டுக் கிராமங்களில் பழைய வீடுகளுக்குள் குனிந்து நுழைவது போலத்தான்.

உள்ளே கூரையும் தாழ்வுதான். கீழே அடுப்பு எரிக்கும் இடம். சமையலுக்கும் அதுதான். குளிர் காய்வதற்கும் அதுதான். இங்கிலாந்தின் வடபகுதியில் குளிர் எலும்பைத் துளைக்கும். மாலை வந்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். குறுகலான படி ஏறினால் மேலே படுக்கை அறை.

மேசை, நாற்காலி, கட்டில், பாத்திரங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. ஆனால் அவற்றில் குக் குடும்பத்தார் பயன்படுத்தியவை மிகச் சில. மற்றவை, அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டில் என்னென்ன இருந்திருக்கும் என்று ஆராய்ந்து வைக்கப்பட்டவை.

இரும்புப் பெட்டி இல்லை. பட்டு மெத்தை இல்லை. உழைத்துச் சாப்பிட்டவர்களின் வீடு என்று பார்த்த உடனே தெரியும்.

பண்ணை ஆளின் பிள்ளை

தந்தை ஜேம்ஸ் குக் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்கு வந்தார். பண்ணைகளில் கூலி வேலை செய்தார். அங்கே கிரேஸ் என்ற பெண்ணை மணந்தார்.

அவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை 1728-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி மார்ட்டன் என்ற ஊரில் பிறந்தான். அவன்தான் பிற்காலத்தில் கேப்டன் குக்!

பையனுக்கு எட்டு வயது ஆனபோது குடும்பம் கிரேட் அய்ட்டன் என்ற கிராமத்துக்குக் குடிபோனது. அங்கே ஒரு பண்ணையை மேற்பார்க்கும் வேலை தந்தைக்குக் கிடைத்தது. பண்ணைக்கு உரிமையாளர் பெயர் தாமஸ் ஸ்கோட்டோ. பையன் சூட்டிகையாக இருப்பதை அவர் கவனித்தார். "இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, சம்பளத்தை நான் கட்டுகிறேன்" என்று ஏற்பாடு செய்தார்.

பண்ணை ஆளின் பிள்ளை எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டது இப்படித்தான். அந்தப் பணம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், கடலை அளந்து படம் வரைந்த கேப்டன் குக் வந்திருப்பாரா?

16 வயதில் குக் கடற்கரை ஊர் ஒன்றில் கடைப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். கடையில் மனம் ஒட்டவில்லை. கண் எல்லாம் கடல் மேல்தான்! ஒன்றரை ஆண்டில் விட்பி துறைமுகத்துக்குப் போனார். நிலக்கரி ஏற்றும் கப்பலில் தொழில் பழகினார். படிப்படியாக உயர்ந்தார்.

பையன் போனான். பெற்றோர் கிராமத்திலேயே இருந்தார்கள். அதன் பிறகு எழுந்ததுதான் 1755 என்று செதுக்கிய அந்த வீடு.

மூன்று பயணங்கள்

1768-ம் ஆண்டில் "எண்டவர்" என்ற கப்பலில் குக் புறப்பட்டார். விட்பியில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல்தான் அது. டஹிடி தீவில் இருந்து வானத்தை ஆராய்ந்தார். நியூசிலாந்தைச் சுற்றி வந்து படம் வரைந்தார். 1770 ஏப்ரல் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கண்டார்.

அந்தக் காலத்தில் நீண்ட கடல் பயணம் என்றால் ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கூண்டோடு அழித்துவிடும். காய்கறி, பழம் இல்லாமல் பல்லின் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, ஆள் நலிந்து சாவான். குக் புளிக்க வைத்த முட்டைக்கோஸைக் கப்பலில் ஏற்றினார். மாலுமிகள் அதைத் தொட மறுத்தார்கள். குக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசைக்குத் தினமும் அதைப் பரிமாறும்படி சொன்னார். அதிகாரிகள் சாப்பிடுவதைப் பார்த்ததும் மாலுமிகள், "எங்களுக்கும் கொடுங்கள்" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்!

1771-ம் ஆண்டில் குக் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு முடிவில் விடுமுறை பெற்று, மனைவி எலிசபெத்தோடு தந்தையைப் பார்க்க கிரேட் அய்ட்டனுக்கு வந்தார். அந்தத் தாழ்ந்த வாசலில் அவர் குனிந்து நுழைந்தது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

தந்தை இருந்தார். தாய் இல்லை. 1765-ம் ஆண்டிலேயே கிரேஸ் இறந்துவிட்டார். மகனின் புகழைப் பார்க்க அந்தத் தாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை.

1772-ல் குக் இரண்டாவது பயணம் புறப்பட்டார். 1775-ல் திரும்பினார். 1776-ல் மூன்றாவது பயணம். அதுதான் கடைசி.

முதுமையில் முதல் எழுத்து

மகன் கடலில் இருக்கும்போது, 1773-ம் ஆண்டில், அவருடைய முதல் பயணத்தின் வரலாறு புத்தகமாக வெளிவந்தது. நாடு முழுவதும் அதே பேச்சு. படித்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

தந்தை மட்டும் என்ன செய்வார்? அவருக்கு எழுத்துத் தெரியாது!

முதுமையில் அவர் ரெட்கார் என்ற கடற்கரை ஊரில் மகள் வீட்டில் இருந்தார். 1775-ம் ஆண்டில் அங்கே வந்து அவரைக் கண்டவர்களுள் ஜார்ஜ் கோல்மன் என்ற சிறுவனும் ஒருவன். அவன் வளர்ந்து நாடக ஆசிரியர் ஆனான். தன் வாழ்க்கை நினைவுகளில் அந்த முதியவரைப் பற்றியும் எழுதினான்.

என்ன எழுதினான்? இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தப் பெரியவர் படிக்கக் கற்றுக்கொண்டார். மகன் உலகைச் சுற்றி வந்த வரலாற்றைத் தாமே படிக்க வேண்டும் என்பதற்காகவே கற்றுக்கொண்டார் என்று எழுதினான்.

அப்போது அவருக்கு வயது 75-க்கு மேல்! கலப்பையும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்துப்போன விரல். அந்த விரலைப் புத்தகத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறார். "இந்த வயதில் எனக்கு எதற்குப் படிப்பு?" என்று அவர் ஒதுங்கிவிடவில்லை.

இதை நினைத்துக்கொண்டு, அந்த வீட்டு வாசலை மறுபடியும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஜே, ஜி என்று கல்லில் செதுக்கியபோது அந்த எழுத்துகளை அவரால் படிக்க முடிந்திருக்காது. சொந்த வீட்டு வாசலில் சொந்தப் பெயரின் எழுத்து! மகன்மேல் வைத்த பாசம் அவர் கண்ணைத் திறந்துவிட்டது.

1779 பிப்ரவரி 14-ந் தேதி ஹவாய் தீவில் ஒரு படகு காணாமல் போனது பற்றித் தகராறு மூண்டது. குக் அந்தத் தீவின் அரசரைப் பிணையாகப் பிடிக்க முயன்றார். மக்கள் எதிர்த்தார்கள். சண்டையில் குக் கொல்லப்பட்டார்.

ஆறேழு வாரத்தில் தந்தையும் இங்கிலாந்தில் இறந்தார். மகன் செத்த செய்தி அவர் காதுக்கு எட்டவே இல்லை. கடல் கடந்து அந்தச் செய்தி லண்டனுக்கு வந்தது 1780 ஜனவரி மாதத்தில்தான். மகன் என்றாவது ஒருநாள் வருவான் என்ற நம்பிக்கையோடுதான் தந்தையின் கண் மூடியது.

253 பெட்டி, 40 பீப்பாய்

காலம் ஓடியது. வீடு கை மாறியது. 1933-ம் ஆண்டில் வீட்டுக்கு உரிமையான அம்மையார் அதை விற்க முன்வந்தார். "வீடு இங்கிலாந்தை விட்டுப் போகக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டார்.

மெல்போர்னில் ரசல் கிரிம்வேட் என்ற செல்வர் இருந்தார். மருந்துத் தொழில் நடத்தியவர். நகரம் நூற்றாண்டு விழா கொண்டாடும் நேரம். நகர மக்களுக்கு இந்த வீட்டையே பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நிபந்தனை என்ன ஆவது? "இங்கிலாந்து" என்ற ஒரு சொல்லை மாற்றி, "சாம்ராஜ்யம்" என்று போட்டுக்கொள்ள அந்த அம்மையாரை இசைய வைத்தார்கள். அப்போது ஆஸ்திரேலியா பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்தது அல்லவா? சிக்கல் தீர்ந்தது!

உள்ளூரில் அந்த வீட்டுக்கு யாரும் 300 பவுனுக்கு மேல் கொடுக்க முன்வரவில்லை. கிரிம்வேட் கொடுத்ததோ 800 பவுன். (பவுன் என்பது இங்கிலாந்துப் பணம்.)

வீட்டைப் பிரித்தார்கள். எந்தக் கல் எந்த இடம் என்று தெரிய எண் போட்டார்கள். 253 பெட்டிகள், 40 பீப்பாய்கள் நிறைந்தன. ஹல் துறைமுகத்தில் "போர்ட் டனிடின்" என்ற கப்பலில் ஏற்றினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியைக்கூட விடவில்லை. அதிலும் துண்டு வெட்டிக்கொண்டு போய் மெல்போர்னில் நட்டார்கள்.

1934 அக்டோபரில் வீடு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

வீடு இருந்த இடம் வெறுமையாகிவிட்டதே, அதற்கு என்ன செய்தார்கள்? குக்கின் கப்பலில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் முதலில் கண்ட கரைப் பகுதியில் இருந்து கருங்கல் வெட்டி அனுப்பினார்கள். கிரேட் அய்ட்டனில் வீடு நின்ற இடத்தில் அந்தக் கல்லால் ஒரு நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. அங்கிருந்து கல் இங்கே வந்தது. இங்கிருந்து கல் அங்கே போனது!

1788-ம் ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறினார்கள். அதற்கு 33 ஆண்டு முந்தியது இந்த வீடு. ஆகவே அந்த நாட்டுக் கட்டிடங்களிலே இதுதான் வயதில் மூத்தது என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

மரத்தில் ஒரு தழும்பு

ஆனால் நாட்டில் மனிதர்கள் அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்கள் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்கிறவர்கள். மெல்போர்ன் இருக்கும் இடம் வுருண்ட்ஜெரி மக்களின் மண்.

பிட்ஸ்ராய் பூங்காவிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஒரு பழைய மரத்தின் அடிப்பகுதியில் பெரிய தழும்பு காணப்படுகிறது. படகு, கேடயம், பாத்திரம் போன்றவை செய்வதற்காக ஆதிக்குடி மக்கள் இப்படி மரப்பட்டையை உரித்து எடுப்பார்கள். அந்தத் தழும்புதான் அது.

1770 ஏப்ரலில் குக் பாட்டனி விரிகுடாவில் இறங்க வந்தபோது, கரையில் இரண்டு ஆடவர் ஈட்டியுடன் நின்று தடுத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார். ஒருவருக்குக் காயம். அதே ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி, வடகோடியில் ஒரு தீவில் கொடி நாட்டி, கிழக்குக் கரை முழுவதும் இங்கிலாந்து மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பின்னர் அந்த மக்கள் நிலத்தை இழந்தார்கள். நோயாலும் துப்பாக்கியாலும் ஏராளமானோர் மடிந்தார்கள். ஆகவே, குக்கின் பெயரைக் கேட்டதும் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. மனம் கொதிக்கிறவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் எதிர்ப்பைக் காட்ட அந்த வீட்டின் சுவரில் வண்ணம் பூசியவர்களும் உண்டு. 2014-ம் ஆண்டிலும் அப்படி நடந்தது.

வீட்டையும் பார்க்க வேண்டும். மரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்த்தவர்களே முழுக் கதையையும் அறிந்தவர்கள்.

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்தப் பூங்காவில் வேறு காட்சிகளும் உண்டு. ஒரு முதிய மரத்தின் அடிப்பாகம் முழுவதும் தேவதைகள், பறவைகள், சிறு விலங்குகள்! ஓலா கோன் என்ற பெண் சிற்பி 1931 முதல் 1934 வரை உழைத்துச் செதுக்கியவை.

இன்னோர் இடத்தில் பொம்மைக் கிராமம். இரண்டாவது உலகப் போரை ஒட்டி இங்கிலாந்தில் உணவுப் பற்றாக்குறை ஏற்பட்டபோது மெல்போர்ன் மக்கள் உணவு அனுப்பினார்கள். அந்த நன்றியை மறவாமல், லண்டனில் லாம்பெத் பகுதி மக்கள் அனுப்பிய பரிசு அது.

எல்லாம் பார்த்துவிட்டுக் குழந்தைகள் குக் வீட்டு வாசலுக்கு ஓடி வருகிறார்கள். பெரியவர்கள் குனிந்து நுழைகிறார்கள். குழந்தைகளுக்குக் குனிய வேண்டிய வேலை இல்லை. அவர்கள் அண்ணாந்து பார்த்து, கல்லில் உள்ள எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறார்கள்.

"ஜே... ஜி..."

270 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வாசலில் நின்ற பண்ணை ஆளுக்கு அது முடியவில்லை. ஆனால் அவர் விடவில்லை. தலை நரைத்த பிறகு கற்றுக்கொண்டார். மகனின் கதையைத் தம் கண்ணாலேயே படித்துவிட்டுத்தான் போனார்.